வரியும் நன்கொடையும்



எங்கள் பாடசாலையிலே அண்மையிற் கட்டப்பட்ட வகுப்பறைக் கட்டடம் ஒன்று உண்டு. அதன் வாசற் சுவரிலே ஒரு பளிங்குக் கல் பதிக்கப்பட்டிருக்கிறது. கட்டடத்துக்குப் பெருந்தொகை உதவிய வணிகர் ஒருவரின் பெயரும், அவருடைய தாய் தந்தையரின் பெயர்களும் அக்கல்லிலே பொன்னெழுத்திற் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கல்லைத் திரைநீக்கம் செய்த நாளிலே, நாதசுரம் முழங்க, மாலை சூட்டி அவரை அழைத்து வந்தோம். வரவேற்புரை நிகழ்த்தும் பொறுப்பு அதிபராகிய எனக்கு உரியதாயிற்று. அவருடைய கொடையுள்ளத்தைப் போற்றி ஏறக்குறையப் பத்து நிமிடம் பேசினேன். பேசி முடித்து அமர்ந்தபோது, பக்கத்திலிருந்த அபிவிருத்திச் சங்கப் பொருளாளர் என் காதோடு ஒரு வார்த்தை சொன்னார். அவர் ஓய்வு பெற்ற எழுதுவினைஞர். கணக்கு வழக்கிலே கண்டிப்பானவர். "அதிபர், இவர் அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டியதை ஒழுங்காகக் கொடுத்திருந்தால் இப்படிப் பத்துக் கட்டடம் வந்திருக்கும். கல்லு மட்டும் வந்திராது" என்றார்.

அவர் சொன்னது உண்மையோ பொய்யோ, நான் அறியேன். ஒருவருடைய கணக்குப் புத்தகத்தைப் பாராமல் அவரைக் குற்றவாளி என்று கூற எனக்கு உரிமை இல்லை. ஆயினும் அன்று தொட்டு அந்தக் கல்லைக் கடந்து செல்லும்போதெல்லாம் அவ்வார்த்தை என் நினைவுக்கு வருகின்றது. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அதிலிருந்தே பிறந்தது.

நம்மவர்கள் கொடுக்க மனமில்லாதவர்கள் அல்லர். திருவிழாவுக்கு உபயகாரர் இல்லாமல் எந்தக் கோயிலும் கொடியிறக்கியதில்லை. மண்டபத்துத் தூண் ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். மின்விளக்குக் குழாயிலே கூட ஒரு பெயர். பெயரின் எழுத்துப் பெரிதானபடியால் வெளிச்சம் குறைந்த விளக்குகளையும் நான் கண்டிருக்கிறேன். பழைய மாணவர் சங்கத்துக்கும், வாசிகசாலைக்கும், வெள்ளம் வந்த காலத்துக்கும் அள்ளிக் கொடுக்கும் கை, வரிப் படிவம் வந்தவுடன் மட்டும் ஏன் மூடிக்கொள்கிறது? இதனை நாம் சற்று ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

முதலிலே ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். சட்டமே இடங்கொடுக்கும் சலுகைகளைப் பயன்படுத்தி வரியைக் குறைத்துக்கொள்வது ஒன்று. அது வரி தவிர்ப்பு. உள்ள வருமானத்தை இல்லை என்று மறைப்பது மற்றொன்று. அதுவே வரி ஏய்ப்பு. முன்னதைப் பற்றி நியாயவாதிகள் வாதாடலாம். பின்னது களவு. களவு என்ற சொல் கடுமையாகத் தோன்றினால் நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அச்சொல் என்னையும் சிறிது சுடப்போகின்றது என்பதைப் பின்னாற் காண்பீர்கள்.

வரி என்ற சொல்லையே நாம் பகையோடு கேட்பதற்குக் காரணங்கள் உண்டு. புறநானூற்றிலே பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரியைப் பற்றி அறிவுரை சொல்கிறார். யானைக்கு நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் சிறு நிலத்து விளைவும் பல நாளுக்குப் போதும். யானையே வயலிற் புகுந்தால் அது தின்பதிலும் காலால் மிதிபட்டு அழிவதே மிகுதி என்பது அப்பாட்டின் கருத்து. இதனை நாம் மேடைதோறும் எடுத்துக் காட்டுகிறோம். யானையைக் கடிந்துகொள்ள நமக்குப் பாட்டு இருக்கிறது. யானைக்குரிய கவளத்தை ஒளித்து வைத்த பண்ணையாரைப் பற்றி எந்தப் புலவர் பாடினார் என்று என் மாணவன் ஒருவன் ஒருமுறை கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை.

பிற்காலத்து வரலாறும் அவ்வாறே. 1848ஆம் ஆண்டிலே தேசாதிபதி டொரிங்டன் பிரபு துவக்குக்கும், நாய்க்கும், வண்டிக்கும், கடைக்கும் வரி விதித்தார். வருடத்தில் 6 நாள் தெருவிலே வேலை செய்ய வேண்டும், அல்லது 3 சிலிங் கட்ட வேண்டும் என்றார். மாத்தளையிலே கலகம் மூண்டது. புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். உழவன் நெல்லின் மீது அறவிடப்பட்ட தானிய வரி 1892 வரையில் நீடித்தது. அந்நியன் ஆட்சியிலே வரி என்பது வலியவன் எளியவனிடம் பறிப்பது. அதை ஏமாற்றுவது ஒருவகை வீரமாகவும் கருதப்பட்டது. ஆட்சி மாறியது, அந்த வீரம் மாறவில்லை.

வருமானத்தின் மேல் வரி 1932ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினால் இந்நாட்டுக்கு வந்தது. பழைய வரிகளுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. தானிய வரியும் தலை வரியும் ஏழையைத் தேடி வந்தவை. வருமான வரியோ உள்ளவனிடம் மட்டும் கேட்டது. இல்லாதவனை விட்டுவிட்டு உள்ளவனைப் பிடிப்பதற்கென்று உண்டான வரியையும் நாம் நாய் வரியோடு சேர்த்து எண்ணிவிட்டோம்.

இவ்விடத்திலே பேராசிரியர் நிக்கலஸ் கால்டரைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த இந்தப் பொருளியல் அறிஞர் 1956இல் இந்தியாவின் வரி முறையை ஆராய்ந்தார். 1958இல் இலங்கை அரசாங்கத்தின் அழைப்பின் பேரில் இங்கும் வந்தார். அவர் சொன்ன உபாயம் மிகவும் நுட்பமானது. மனிதன் ஓரிடத்திலே மறைப்பதை இன்னோரிடத்திலே வெளிக்காட்டியே தீருவான் என்பது அவருடைய எண்ணம். வருமானத்தை மறைக்கிறானா? அந்தப் பணம் செலவாக வேண்டும், அல்லது சொத்தாக வேண்டும், அல்லது மகளுக்கும் மருமகனுக்கும் நன்கொடையாக வேண்டும். ஆகவே வருமானம், செலவு, செல்வம், நன்கொடை ஆகியவை அனைத்தையும் ஒரே படிவத்திலே காட்டச் செய்தால் ஒன்று மற்றொன்றுக்குச் சாட்சி சொல்லும் என்றார். அதன்படி 1959ஆம் ஆண்டிலே செல்வ வரி, செலவு வரி, நன்கொடை வரி ஆகிய மூன்றும் இங்கே சட்டமாயின. இந்தியா அதற்கு முன்பே 1957இல் செலவு வரியைக் கொண்டுவந்திருந்தது.

நடந்தது யாது? அத்தனை படிவங்களையும் வாசித்து ஒத்துப் பார்ப்பதற்கு உத்தியோகத்தர்கள் போதாமற் போயினர். விலக்குகள் ஒவ்வொன்றாக நுழைந்தன. செலவு வரி இரு நாடுகளிலும் சில வருடங்களிலேயே கைவிடப்பட்டது. இங்கே 1976இல் மீண்டும் வந்து, 1977இல் மீண்டும் போயிற்று. 1963ஆம் ஆண்டிலே கால்டர் எழுதிய கட்டுரை ஒன்றின் தலைப்பே, வளர்ச்சி குன்றிய நாடுகள் வரி அறவிடக் கற்றுக்கொள்ளுமா என்னும் வினாவாக இருந்தது. அவர் வினவி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன.

மற்றொரு முயற்சி 1970ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே நடந்தது. அப்போது நிதியமைச்சராயிருந்த கலாநிதி என். எம். பெரேரா 50 ரூபா, 100 ரூபாத் தாள்கள் செல்லாவென்று அறிவித்தார். கணக்கிற் காட்டாமற் பெட்டியிலே பூட்டி வைத்த பணம் வங்கிக்கு வந்தே தீர வேண்டும். வந்தால் அதன் உடையவர் யாரென்று தெரிந்துவிடும் என்பது கருத்து. நான் அக்காலத்திலே கைக்குழந்தை. என் தந்தையார் சொல்லக் கேட்டதைச் சொல்கிறேன். அவர் ஆசிரியர். சந்தியிலே கடை வைத்திருந்தவர் ஓரிரவு பின் படலையால் வந்து, துணியிலே சுற்றிய ஒரு கட்டைத் திண்ணையிலே வைத்து, "வாத்தியார், உங்கடை பேரிலே போட்டு வையுங்கோ. ஆறு மாதம் கழித்துத் தந்தாற் போதும்" என்று கேட்டாராம். தந்தையார் தயங்கினார். அம்மாதான் உள்ளேயிருந்து, "எங்களுடைய சம்பளம் எவ்வளவென்று தபாற் கந்தோரிலே எல்லாருக்கும் தெரியும்" என்றாராம். கடைக்காரர் கட்டை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அடுத்த வீட்டிலே யார் இருந்தார் என்பதை அம்மா எனக்குச் சொல்லவில்லை.

அரசாங்கங்களும் தாமே தம் சட்டத்தை எள்ளி நகையாடியிருக்கின்றன. 1960கள் தொட்டு எத்தனையோ தடவைகள் வரிப் பொதுமன்னிப்பு வழங்கப்பட்டது. மறைத்ததைச் சொல்லிவிட்டால் தண்டனை இல்லை. 2003இல் வந்த மன்னிப்புச் சட்டம் அளவுக்கு மிஞ்சியது என்று கண்டு, அடுத்த வருடமே அதற்கு முடிவு கட்ட வேண்டியதாயிற்று. 2021ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க நிதிச் சட்டமோ, மறைத்து வைத்த வருமானத்தையும் சொத்தையும் வெளிப்படுத்துவோர் நூற்றுக்கு 1 வீதம் செலுத்தினாற் போதும் என்றது. உரிய காலத்திலே ஒழுங்காகக் கட்டியவன் அதனிலும் பல மடங்கு கட்டியிருந்தான். பாடசாலையிலே, காலை மணிக்கு முன் வந்த பிள்ளைகளை வெயிலிலே நிறுத்திவிட்டுப் பத்து மணிக்கு வருபவர்களுக்குச் சர்பத் கொடுத்தால், மறுநாட் காலை எத்தனை பேர் நேரத்துக்கு வருவார்கள்? இதற்குப் பொருளியற் பட்டம் வேண்டியதில்லை.

அரசாங்கத்தின் வரி வருமானம், 1990ஆம் ஆண்டளவிலே மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு 19 அளவில் இருந்தது. 2019இல் ஏறக்குறைய 11 ஆயிற்று. 2022இல் 7க்குச் சற்று மேலே நின்றது. கடைசியிலே நேர்ந்த இவ்வீழ்ச்சிக்கு ஏய்ப்பவர்களைக் குற்றஞ்சாட்டுவது நேர்மையாகாது. 2019ஆம் ஆண்டின் இறுதியிலே அரசாங்கமே பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தது. அவ்வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய வியாபாரத்தின் எல்லையை வருடத்துக்கு 1 கோடி 20 இலட்சம் ரூபாவிலிருந்து 30 கோடி ரூபாவாக உயர்த்தியது. சம்பளத்திலே பிடிக்கும் முறையையும் நீக்கியது. 2022 ஏப்பிரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென்று அறிவித்தோம். கொள்ளைநோய், டொலர் வறட்சி என்று வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் முன்னைய முப்பது வருடத் தேய்வு ஒரு நாளிலே, ஓர் அமைச்சரால் ஆனது அன்று. சலுகைகள் பாதி, ஒளிப்புப் பாதியாக அது தேய்ந்தது. அந்த வருடம் மார்ச் மாதத்திலே கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்திலே தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. நாற்பது வருடமாகப் பாடசாலையோடு பழகியவன் நான். யுத்த காலத்திலே, பங்கருக்குப் பக்கத்திலே இருந்தும் பரீட்சை எழுதியிருக்கிறேன். கடதாசி இல்லாத காரணத்தால் பரீட்சை நின்றதை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

ஒளிப்பு எவ்வாறு நடைபெறுகின்றது? கடையிலே இரண்டு புத்தகங்கள் உண்டு. ஒன்று கணக்காளருக்கு, மற்றது முதலாளிக்கு. ஒரே வியாபாரம் மனைவி பெயரிலும், மைத்துனன் பெயரிலும் பிரிந்து நின்று வரி எல்லைக்குக் கீழே தலையைக் குனிந்துகொள்கிறது. துறைமுகத்திலே சாமானின் விலை குறைத்துக் காட்டப்படுகிறது. இவற்றுள்ளே மிகக் கொடியது, வாடிக்கையாளரிடம் பெறுமதி சேர் வரியென்று சொல்லி வாங்கிய பணத்தைத் திறைசேரிக்கு அனுப்பாமல் விடுவது. அந்தப் பணம் வியாபாரியின் இலாபத்தில் ஒரு சதமும் அன்று. வழியிலே ஒப்படைக்கும்படி நாம் அவர் கையிலே கொடுத்துவிட்ட அடைக்கலப் பொருள் அது.

கடைக்காரர் மட்டுந்தான் என்று எண்ணி மற்றவர்கள் ஆறுதலடைய வேண்டாம். தம் சொந்த டிஸ்பென்சரியிலே மாலையில் நோயாளர் பார்க்கும் வைத்தியர் பற்றுச்சீட்டு எழுதுவதில்லை, நாமும் கேட்பதில்லை. காணி உறுதி எழுதும்போது, கைமாறிய விலை ஒன்று, உறுதியிலே எழுதும் விலை ஒன்று. விற்பவர், வாங்குபவர், எழுதுபவர் மூவரும் அதைச் சிரித்த முகத்தோடு செய்கிறார்கள். அதனாலே குறையும் முத்திரைத் தீர்வை மாகாண சபை வழியாக நம் பிரதேச சபைக்கு வரவேண்டிய பணம். பிறகு தெருவிலே குழி என்று பத்திரிகைக்கு எழுதுகிறோம்.

இனி ஆசிரியர்கள். ஆசிரியருக்கும் அதிபருக்கும் அரசாங்கச் சம்பளம் சீட்டிலே தெரியும். வரி வருமாயின் சம்பளத்திலேயே பிடிப்பார்கள். மாலையிலே ஓலைக் கொட்டகையிலோ மண்டபத்திலோ முந்நூறு பிள்ளைகளை இருத்திப் படிப்பிக்கும் வருமானம் எந்தச் சீட்டிலும் தெரியாது. நான் பட்டம் பெற்ற பின் எட்டு வருடம் ஒரு ரியூட்டரியிலே உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பித்தேன். மாத முடிவிலே வெள்ளைக் கடித உறையிலே பணம் வரும். உறையின் மேலே பெயரும் இராது, தொகையும் இராது. அது வரி செலுத்தும் எல்லைக்குள் வந்திருக்குமா வராதா என்பதை இன்று என்னாலே சொல்ல இயலாது. காரணம், அந்த எட்டு வருடத்திலே ஒருநாளாவது நான் அந்தக் கணக்கைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டுமென்ற எண்ணமும் வந்ததில்லை. அதே வருடங்களிலே குடியியற் பாடத்தில் பிரசையின் கடமைகளைக் கரும்பலகையிலே எழுதியவனும் நானே.

இப்படிச் சொல்லும்போது ஓர் உண்மையை மறைக்கலாகாது. மறைக்க இயலாதவர்கள் மீதே பாரம் விழுகின்றது. 2023ஆம் ஆண்டு தொடக்கத்திலே வருமான வரியின் உச்ச வீதம் 36 ஆனபோது, வைத்தியர்களும், சர்வகலாசாலை விரிவுரையாளர்களும், வங்கி உத்தியோகத்தர்களும் மறியல் செய்தார்கள். அவர்களுடைய சம்பளத்திலே வரி பிடித்த பின்புதான் மிகுதி கைக்கு வருகிறது. பக்கத்து வீட்டு வியாபாரியின் புதிய வாகனத்தைப் பார்க்கும்போது அவர்களுக்கு ஆத்திரம் உண்டாவது இயல்பு. அவ்வாண்டு முதல், சுயமாகத் தொழில் செய்யும் வைத்தியர், சட்டத்தரணி, பொறியியலாளர் போன்றோருக்கு நிறுவனங்கள் மாதம் ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேலே கட்டணம் கொடுத்தால், நூற்றுக்கு 5 வீதத்தை முன்கூட்டியே பிடித்து அனுப்ப வேண்டுமென்று விதி வந்திருக்கின்றது. நல்ல விதி. ஆயினும் கைக்குக் கை மாறும் காசை அவ்விதி காணாது.

எங்கள் பாடசாலையிலே படித்த பிள்ளை ஒருவர் இன்று பெயர் பெற்ற வைத்தியர். கடற்கரைக் கிராமத்திலே, வறிய வீட்டிலே பிறந்தவர். 1945இல் வந்த இலவசக் கல்வி இல்லையென்றால், அவர் இன்று வலை இழுத்துக்கொண்டிருப்பார். நானும் வேறெங்கோ இருந்திருப்பேன். என் மனைவிக்குச் சுகமில்லாதபோது அவரிடம் சென்றேன். நாற்பது பேர் காத்திருந்தார்கள். என்னை முதலிலே அழைத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "தம்பி, இந்த வருமானத்தை நீர் கணக்கிலே காட்டுகிறீரா?" என்று கேட்டுவிட்டேன். பழைய ஆசிரியனுக்கு மட்டும் உள்ள துணிவு அது.

அவர் கோபிக்கவில்லை. "சேர், பகலிலே ஆஸ்பத்திரியிலே வேலை செய்கிறேன். அந்தச் சம்பளத்திலே பிடிக்கிறார்கள். நாடு என்னைப் படிப்பித்த கடனை அங்கே தீர்க்கிறேன். இங்கே வருகிறவர்களிலே பத்துப் பேரிடம் நான் காசு வாங்குவதில்லை. மருந்தும் என்னுடைய காசிலே வாங்கிக் கொடுக்கிறேன். நான் கொடுக்கிற வரி ஒரு மந்திரியின் வாகனத்துக்கு எண்ணெயாகப் போவதைவிட இது நல்லதில்லையா, சேர்?" என்றார்.

எனக்கு உடனே மறுமொழி வரவில்லை. மந்திரியின் வாகனத்தைப் பற்றி அவர் சொன்னதை நான் எப்படி மறுப்பேன்? வீணாகிய திட்டங்களையும், வெறுமையாய் நிற்கும் கட்டடங்களையும் நாமெல்லோரும் கண்டிருக்கிறோம். திருப்பிக் கொடுக்கும் பெறுமதி சேர் வரியிலே முந்நூறு கோடி ரூபாவுக்கு மேற்பட்ட மோசடி ஒன்றும் நீதிமன்றம் வரை சென்றது. குற்றஞ்சாட்டப்பட்டோருள் வரி உத்தியோகத்தர்களும் இருந்தார்கள். வேலியே பயிரை மேய்ந்தால் பயிர் என்ன செய்யும் என்று கேட்பது நியாயமே.

வீட்டுக்கு வரும் வழியிலேதான் எனக்கு மறுமொழி வந்தது. அது பஸ்ஸிலே இருந்தவாறு எனக்கு நானே சொல்லிக்கொண்டது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அந்தப் பத்து ஏழைகளை அவரே தெரிந்தெடுத்தார். அவருடைய வாசலுக்கு வந்தவர்கள், அவருக்கு முகம் தெரிந்தவர்கள், அவரைக் கையெடுத்துக் கும்பிட்டவர்கள். முல்லைத்தீவிலே பிரசவ வலி கண்டு, அம்புலன்ஸ் வண்டிக்குக் காத்திருக்கும் பெண் அந்த வாசலுக்கு வரமாட்டாள். அவளை அந்த வைத்தியர் அறியார். அவளும் அவரை அறியாள். அவ்வண்டிக்கு எண்ணெய் போட வேண்டிய காசு, அவருடைய மேசை லாச்சியிலே தருமமாக மாறிக்கொண்டிருக்கிறது. எங்கள் பளிங்குக் கல்லும் அவ்வாறுதான் என்பது எனக்கு அப்போது விளங்கிற்று. கொடுக்க வேண்டிய கடனை வைத்துக்கொண்டு, அதிலொரு பகுதியைத் தாம் விரும்பிய இடத்திலே, தாம் விரும்பிய பெயரிலே கொடுப்பது நமக்கு இனிக்கிறது. கடன் கொடுத்தவனுக்கு யாரும் மாலை போடுவதில்லை அல்லவா?

சென்ற வருடம் பதினோராந் தர வகுப்பு ஒன்றிலே, வீட்டிலே யார் யார் வரி கட்டுகிறார்கள் என்று கேட்டேன். இரண்டு கை உயர்ந்தது. இரண்டும் உத்தியோகத்தரின் பிள்ளைகள். பின் வாங்கிலிருந்த ஒரு மாணவி, "சேர், நாங்கள் கட்டுறதில்லை. அப்பா கடலுக்குப் போறவர். எங்களிட்டை அவ்வளவு காசு இல்லை" என்றாள். அவளை எழுப்பி, கிழமையிலே வீட்டுக்கு என்ன வாங்குவாய் என்று கேட்டேன். சவர்க்காரம், அம்மாவின் கைத்தொலைபேசிக்கு ரீலோட், இயந்திரப் படகுக்கு எண்ணெய் என்றாள். 2024 சனவரி முதல் பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 18. வரியோடு 118 ரூபா விலையுள்ள சவர்க்காரத்திலே 18 ரூபா வரி என்று கரும்பலகையிலே காட்டினேன். அரசாங்கத்துக்கு வரும் வரியில் மிகப் பெரும் பங்கு இவ்வாறு பொருள்களின் மேலேயே வருகிறது. வருமானத்தின் மேல் வருவது அதனிலும் குறைந்த பங்கு. உள்ளவன் தன் வருமானத்திலே ஒளித்த ஒவ்வொரு ரூபாவுக்கும், இல்லாதவளின் சவர்க்காரத்திலே எங்கோ ஒரு சதம் ஏறுகிறது. அப்பிள்ளை சற்று நேரம் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்பு, "அப்ப எங்களுக்கு ஏன் சேர் பற்றுச்சீட்டுத் தாறேல்லை?" என்று கேட்டாள்.

கட்டடக் கதையிலே ஒரு பகுதி மிச்சமிருக்கிறது. வணிகர் கொடுத்த தொகை சுவருக்கும் கூரைக்கும் போதுமாயிருந்தது. தாழ்வாரத்தை அபிவிருத்திச் சங்கம், பெற்றோர் தந்த சிறு தொகைகளிலிருந்து கட்ட முற்பட்டது. கம்பி, சீமெந்து, தரையோடு வாங்குவதற்கு நானும் பொருளாளரும் நகரத்திலே பெரிய கடையொன்றுக்குப் போனோம். கடைக்காரர் விலை எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், "பில்லோடையோ, பில் இல்லாமலோ?" என்று கேட்டார். இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய எழுபதினாயிரம் ரூபா. எனக்குச் சபலம் உண்டாயிற்று, ஒளிக்கவில்லை. அது பிள்ளைகளுடைய பணம். தோட்டக்காரரும், மீன்பிடிகாரரும் ஐந்நூறும் ஆயிரமுமாகக் கொடுத்தது. பில் இல்லாமல் வாங்கினால் முழுத் தாழ்வாரத்துக்கும் தரை போட்டு முடிக்கலாம். மேலும், என் சொந்த வீட்டைக் கட்டியபோது நான் எடுத்த சீமெந்து அவ்வளவும் பில் இல்லாத சீமெந்துதான்.

நான் பொருளாளரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். "பில்லோடை போடுங்கோ" என்றேன். கடைக்காரர் முதன்முறையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பில் புத்தகத்தைத் தேடி எடுக்க அவருக்குச் சிறிது நேரம் சென்றது.

அந்த எழுபதினாயிரத்துக்குள் இருந்த வரி திறைசேரிக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை நான் அறியேன். பில் மட்டும் பாடசாலைக் கோவையிலே இருக்கிறது. தாழ்வாரத்தின் கிழக்குப் பாதிக்குத் தரை போட்டு முடிந்துவிட்டது. மேற்குப் பாதி இன்னும் மண்ணாகவே கிடக்கிறது. மாரி மழை தொடங்கினால் ஆறாந் தரப் பிள்ளைகள் அதிலே சப்பாத்தைக் கையிலே பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். பளிங்குக் கல் இருப்பது கிழக்குப் பக்கத்திலே.